எங்க கொறங்காட்டு மண்ணின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பாகம் பிரிப்பது பற்றிப் பேச ஊருக்குப் போயிருந்தேன். காங்கயத்துக்குத் தெற்கே எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. பேச்சு நடுவில் தம்பி மகன் சொன்னான்: "பெரியப்பா, அது வெறும் சரளைக் காடுங்க. ஒண்ணும் வெளையாது. சைட்டுக்கு ஆளு கேக்கறாங்க, குடுத்தர்லாம்."

அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் பிறந்ததற்கு அப்புறம் அந்தக் காட்டில் எதுவும் விளைந்ததை அவன் பார்த்ததில்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் சொந்தக் காட்டு மண்ணின் வரலாற்றை என் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று இருந்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண்ணைப் பார்ப்போம்.

எங்கள் பகுதியில் மேலே கைப்பிடி மண் அள்ளினால் பாதி கல்லாக வரும். சிறு சிறு வெங்கச்சாங்கல். அதற்குக் கீழே ஒரு முழம் தோண்டினால் செந்நிறக் களி. ஈரமாக இருக்கும்போது உருட்டினால் கயிறு மாதிரி திரியும். காய்ந்துவிட்டால் கடப்பாரை எகிறும். அதற்கும் கீழே சுக்கான். மண்ணியல் கணக்கில் 2 மில்லிமீட்டருக்கு மேல் பருமன் இருந்தால் அது சரளை, 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவானது களி. இந்த இரண்டும் ஒரே நிலத்தில் சேர்ந்து கிடப்பதுதான் எங்கள் மண்ணின் குணம்.

இந்த வெள்ளைக் கல் எங்கிருந்து வந்தது? அடியில் இருக்கும் பழம்பாறை காலப்போக்கில் சிதைந்து மண்ணாகிறது. பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடிய வெங்கச்சாங்கல் மட்டும் சிதையாமல் துண்டு துண்டாக மிஞ்சுகிறது. இதே பாறை நரம்புகளில்தான் படியூர்ப் பக்கம் பச்சைக்கல் கிடைத்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் வெளிவந்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுவே என்பது அறிஞர்களின் முடிவு. ஆக, "வெறும் கல்லு" என்று நாம் சொல்லும் கல்லை வைத்துப் பிழைத்த ஊர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

சரி, விவசாயத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் முடிந்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வருடா வருடம் வெள்ளாமை வைத்தால் மூன்றில் ஒரு வருடம் கைக்கு வந்தால் அதிகம். இதை நம் முன்னோர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டு, மேட்டுக்காட்டைப் புல்லுக்கு விட்டார்கள். அதன் பெயர்தான் கொறங்காடு.

கொறங்காட்டில் மூன்று பேர் முக்கியம். தரையில் கொழுக்கட்டைப்புல். இடையிடையே வெள்வேலா மரம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டாலே துளிர்க்கும், காசு செலவில்லை. வேலி இருப்பதால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடு மாடுகளுக்குத் தீனியாகும்.

இந்த மண்ணுக்கும் இந்தப் புல்லுக்கும் உள்ள பொருத்தத்தைக் கவனியுங்கள். மேலே பரவிக் கிடக்கும் சரளை மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும். வெயில் நேராக மண்ணில் விழாமல் மறைக்கும். கல் தண்ணீர் குடிக்காது. அதனால் சிறு தூறலும் கற்களுக்கு இடையே இறங்கி ஆழத்துக்குப் போகும். கீழே உள்ள களி அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். நெல்லுக்கோ கடலைக்கோ அந்தக் களியை எட்ட நேரமில்லை. கொழுக்கட்டைப்புல் பல்லாண்டுப் புல். வேர் ஆழமாகப் போகும். வெயிலில் செத்த மாதிரி கிடக்கும் தூர், ஒரு மழை பெய்தால் ஒரே வாரத்தில் பச்சை கட்டிவிடும்.

இனி முக்கியமான இடம். அந்தக் காலத்தில் நிலவரி கட்டியவர்கள் நல்ல பட்டா நிலத்தை ஏன் புல்லுக்கு விட வேண்டும்? 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொங்கு நாடு கம்பெனி ஆட்சிக்கு வந்தது, பின்னர் ரயத்துவாரி முறை நிலைத்தது. பட்டாதாரர் சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்ட வேண்டும். கொறங்காடு ஊர்ப் பொதுப் புறம்போக்கு இல்லை, தனியார் பட்டா. கையிலிருந்து வரி கட்டிப் புல் வளர்த்தார்கள் என்றால், அந்தப் புல்லுக்கு ஒரு விலை இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த விலை கிணற்றில் இருந்தது.

கொங்கு நாடு கிணற்று நாடு. தாழ்வான நல்ல நிலத்தில் ஆழக் கிணறு வெட்டி, கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் நிரம்பி மேலே வரும். விடியற்காலம் தொடங்கி வெயில் ஏறும்வரை எருது இறங்கி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண மாடு தாங்காது. காங்கயம் எருதுதான் தாங்கும். அந்த எருதை வளர்த்தது கொறங்காட்டுப் புல். அதாவது, வெள்ளாமைக்கு ஆகாத மேட்டுச் சரளைதான் வெள்ளாமை ஆகும் பள்ளத்து மண்ணுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது. இரண்டும் ஒரே பண்ணையத்தின் இரண்டு கைகள்.

காங்கயம் மாட்டின் பெருமையை நாம் மட்டும் சொல்லவில்லை. 1909இல் கன் என்ற கால்நடை அதிகாரி தென்னிந்திய மாடுகளைப் பற்றி எழுதிய நூலிலும், 1936இல் லிட்டில்வுட் எழுதிய நூலிலும் இந்த இனம் இடம்பெற்றிருக்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் புகழ் பெற்றது. கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு மாடு பிடிக்க வெளி மாவட்டங்களிலிருந்து ஆள் வருவதை நானே சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

பிறகு என்ன ஆயிற்று? 1932இல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மில்களுக்குப் போன மின்சாரம் மெல்ல மெல்லக் கிணற்று மேட்டுக்கும் வந்தது. 1955இல் பவானிசாகர் அணை முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் கொடுத்தது. பின்னர் பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீரும் சில ஊர்களை எட்டியது. எல்லாம் நல்லதுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் வந்த அன்றே கவலை எருதுக்கு வேலை போயிற்று. டிராக்டர் வந்தபின் ஏர் எருதுக்கும் வேலை போயிற்று. எருதுக்கு வேலை போனால் புல்லுக்கு வேலை ஏது? அதற்கப்புறம்தான் எங்கள் காடு "ஒண்ணுக்கும் ஆகாத சரளைக் காடு" ஆனது.

காகிதத்திலும் அப்படித்தான். அரசுப் புள்ளிவிவரத்தில் நிலத்தை ஒன்பது வகையாகப் பிரிப்பார்கள். 5 ஆண்டுக்கு மேல் சாகுபடி செய்யாமல் விட்ட நிலம் "சாகுபடிக்கு ஏற்ற தரிசு". இருபது வருடம் கண்ணும் கருத்துமாக வேலி காத்து, புல் காத்து, மாடு வளர்த்தவனின் காடும், கவனிப்பாரற்றுக் கிடக்கும் காடும் இந்தக் கணக்கில் ஒன்றாகிவிட வாய்ப்பிருக்கிறது. எங்கள் அடங்கலிலும் "தரிசு" என்றுதான் இருக்கிறது.

இப்போது என் வீட்டுக் கதை. 1984இல் என் அப்பா ஒரு போர் போட்டார். தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் கிழக்கு ஆறு ஏக்கரில் கிளுவை வேலியைப் பிடுங்கி, வெள்வேலா மரங்களை விறகுக்கு விற்று, உழுது கடலை போட்டார். மேற்கு ஆறு ஏக்கரை உழ என் பாட்டனார், எங்கள் அப்பாரு, சம்மதிக்கவில்லை. "ஒரு கை போனாப் போச்சு, இன்னொரு கை இருக்கட்டும்" என்றார். இரண்டு வருடம் நல்ல கடலை. அப்புறம் போரில் தண்ணீர் குறைந்தது. பத்து வருடத்தில் காற்றுதான் வந்தது.

ஆனால் உழுத காடு பழையபடி புல்லுக்குத் திரும்பவில்லை. அப்பா சொல்வார், "வருசா வருசம் கல்லு வளருது." உண்மையில் கல் வளரவில்லை. உழுது உழுது பொடியான மண்ணை ஆடிக் காற்று கொண்டுபோயிற்று, ஐப்பசி மழை கரைத்துக்கொண்டு போயிற்று. கல் இருந்த இடத்திலேயே இருந்தது. மண் போகப் போகக் கல் மட்டும் மேலே தெரிந்தது.

இதை நான் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். 1998 என்று நினைவு. இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் மேற்குக் காட்டு மண், இன்னொன்றில் கிழக்குக் காட்டு மண். பாதிக்குத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். இரண்டிலும் கல் உடனே அடியில் தங்கியது. கிழக்குக் காட்டு பாட்டிலில் பாதிக்கு மேல் கல்லாகவே நின்றது, தண்ணீர் சாயங்காலத்துக்குள் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. மேற்குக் காட்டு பாட்டிலில் மறுநாள் காலையிலும் தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. அது களி, அவ்வளவு சீக்கிரம் படியாது. ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று கேட்டது: "சார், அந்தக் காட்டு மண்ணு எங்க சார் போச்சு?" நான் சிரித்துச் சமாளித்தேன். எங்க அப்பா உழுத மண் எங்கள் ஊர்க் குட்டையின் அடியில் கிடக்கிறது என்று அந்தக் குழந்தைக்குச் சொல்ல நாக்கு வரவில்லை.

தம்பி மகனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவன் கேட்டான்: "சரிங்க பெரியப்பா, அந்தப் புல்லுல என்னங்க வருமானம்?" நியாயமான கேள்வி. செம்மறி மேய்க்கக் குத்தகைக்கு விட்டால் வருவது ஒரு பெட்டிக்கடை வாடகைக்குக்கூடக் காணாது. அதை மறைக்கவில்லை. எல்லாரும் கொறங்காடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. பென்ஷன் வாங்குகிறவன் பேசுவது சுலபம்.

ஆனால் என் பாகத்துக்கு மேற்கு ஆறு ஏக்கரைக் கேட்டிருக்கிறேன். ரோட்டு ஓரக் கிழக்குக் காட்டுக்குத்தான் விலை அதிகம். அதைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். தம்பி, "நட்டம் உனக்குத்தாண்ணா" என்றான். இருக்கட்டும். தை பிறந்ததும் பத்திரம். அதற்கு முன் வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில் கிளுவைக் குச்சி நட்டுவிட வேண்டும்.

உங்களிடம் இரண்டு உதவி. உங்கள் ஊர்ப் பக்கம் இந்த மாதிரிப் புல்காட்டுக்கு என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் யாரிடமாவது நல்ல கொழுக்கட்டைப்புல் விதை இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வழுக்கையாகிப்போன சில இடங்களில் தூவிப் பார்க்க வேண்டும்.