தெரிந்தே ஊட்டினால்தான் குற்றம்: பிரிட்டனின் தீவனச் சட்டம், 1893 முதல்

தீவனத்துக்கென்று பிரிட்டன் இயற்றிய சட்டம் முதலில் காத்தது பண்ணையாரின் பணப்பையை. ஆளிவிதைப் புண்ணாக்கில் மலிவான பொருள்களைக் கலந்து விற்றவர்கள் மீதிருந்த நெடுநாள் புகார், 1893இல் உரங்கள், தீவனப் பொருள்கள் சட்டமாக உருவெடுத்தது. விற்பவர் விலைப்பட்டியலில் எழுதித் தரும் சரக்கின் பெயரே உத்தரவாதம். ஐயம் எழுந்தால் மாதிரி பகுப்பாய்வாளரிடம் போகும். 1906, 1926ஆம் ஆண்டுச் சட்டங்களும் 1970இன் வேளாண்மைச் சட்டமும் விதிகளைப் பெருக்கின. ஆனால், எழுதியதும் மூட்டையில் இருப்பதும் ஒன்றா என்ற பழைய கேள்வியே அவற்றின் அச்சாக இருந்தது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது இந்தப் பார்வையின் குறை முதன்முறையாக வெளிப்பட்டது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் கலப்படம் ஏதுமில்லை. பூஞ்சணம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நம் தொழுவங்களில் ஈரம் கண்ட புண்ணாக்கிலும் படரும் அதே பூஞ்சணம். அதன் நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வந்தது. 1973 டிசம்பரில் ஐரோப்பியச் சமூகம் தீவனத்தில் இருக்கத்தகாத பொருள்களுக்கு வரம்பு விதித்தது. அளந்து பார்க்கக்கூடிய நஞ்சு என்பதால் அங்கே சட்டத்துக்குப் பிடி கிடைத்தது.

அளக்க முடியாத நஞ்சு 1986இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வேபிரிட்ஜ் கால்நடை ஆய்வகம் ஒரு புதிய மூளை நோயை உறுதிசெய்தது. ஆய்வகத்தார் அதை பி.எஸ்.இ. என்றனர், பத்திரிகைகளுக்கு அது 'பைத்தியக்கார மாட்டு நோய்'. மறு ஆண்டின் இறுதிக்குள் ஜான் வைல்ஸ்மித் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர் விரல் நீட்டிய இடம் தீவன மூட்டை. கசாப்புக்கூடத்தில் மிஞ்சும் எலும்பையும் குடலையும் உருக்கிக் கொழுப்பை வடித்தபின் எஞ்சும் இறைச்சி-எலும்புத் தூள், மலிவான புரதமென்று கறவை மாட்டுத் தீவனத்திலும் கலக்கப்பட்டுவந்தது. புல் மேயும் பிராணிக்கு அதன் இனத்தையே ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

தடையாணை 1988 ஜூன் 14 அன்று பிறப்பிக்கப்பட்டு, ஜூலை 18இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையிலிருந்த ஐந்து வாரங்கள் இருப்புச் சரக்கைத் தீர்க்க. ஜூலை 18க்குப் பிறகும் ஆலைகளிலும் கடைகளிலும் கிடந்த மூட்டைகள் மாட்டுத் தொட்டிக்கே போயின. ஆணையின் சொல்லமைப்பும் கவனத்துக்குரியது. அசைபோடும் விலங்கின் புரதம் கலந்திருப்பதாக அறிந்தோ, ஐயுறக் காரணமிருந்தோ அதை அசைபோடும் கால்நடைக்கு விற்பதும் ஊட்டுவதும் குற்றம். அறியாதவர் குற்றவாளி அல்லர். தாம் வாங்கிய கலப்புத் தீவனத்தில் என்ன இருந்தது என்பதே தங்களுக்குத் தெரியாது என்று பல பண்ணையாளர்கள் பின்னாளில் சொன்னார்கள். 1893இன் நிழல் இன்னும் விலகவில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்: மறுபடியும் காகிதத்தில் எழுதியிருப்பதையே நம்ப வேண்டிய நிலை.

பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தூளை ஊட்டத் தடையில்லை. ஒரே ஆலையில் காலையில் பன்றித் தீவனம் ஓடும். பிற்பகலில் அதே கலவைத்தொட்டியிலும் அதே திருகுக் குழாயிலும் மாட்டுத் தீவனம் ஓடும். மூலையில் ஒட்டியிருக்கும் ஒரு பிடித் தூளால் என்ன ஆகிவிடும் என்பது அன்றைய எண்ணம். நோயுற்ற மாட்டின் மூளையில் ஒரு கிராம் போதும், கன்று நோய்வாய்ப்படும் என்பது 1994இல்தான் பரிசோதனையில் தெரிந்தது. அதுவரை, அரைத்துச் சமைத்த தூள் மாட்டினுடையதா பன்றியினுடையதா என்று நம்பகமாகச் சொல்லும் சோதனை உள்ளாட்சி ஆய்வாளர் கையில் இல்லை. விளைவு: தடைக்குப் பின் பிறந்தவற்றிலேயே 40,000க்கும் மேற்பட்ட மாடுகள் இந்நோய்க்கு ஆளாயின.

1994இல் பாலூட்டிகளின் புரதம் எதுவும் அசைபோடும் கால்நடைக்கு ஆகாது என்றாயிற்று. பெரிய திருப்பம் 1996இல். நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று மார்ச் 20 அன்று நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டதும், பாலூட்டிகளின் இறைச்சி-எலும்புத் தூள் எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் விலக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 முதல், கால்நடைத் தீவனம் இருக்கும் இடத்தில் அதை வைத்திருப்பதே குற்றமாயிற்று. யார் எதை அறிந்து யாருக்கு ஊட்டினார் என்று நிறுவும் பாடு ஆய்வாளருக்கு இனி இல்லை. மூட்டை கண்ணில் பட்டால் போதும். அந்த நாளுக்குப் பின் பிறந்த பிரிட்டன் மாடுகளில் நோய் கண்டவை 200க்கும் குறைவு. 1988இல் இப்படி ஒரு விதி எழுதியிருக்க முடியாதா என்றால், முடியும். கோழி, பன்றித் தீவன வணிகத்தை அன்று தொட யாருக்கும் மனமில்லை.

இந்நோய் பரவிய கதையை ஆராய்ந்த பிலிப்ஸ் பிரபுவின் விசாரணைக் குழு 2000 அக்டோபரில் 16 தொகுதிகளாக அறிக்கை தந்தது. 2001 தொடக்கம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும், சில விலக்குகளோடு, பண்ணை விலங்குகளுக்குப் பதப்படுத்திய விலங்குப் புரதம் தடைசெய்யப்பட்டது. 2021இல், பிரிட்டன் வெளியேறிய பிறகு, ஒன்றியம் பன்றிப் புரதத்தைக் கோழிக்கும் கோழிப் புரதத்தைப் பன்றிக்கும் ஊட்ட மறுபடி அனுமதித்தது. அசைபோடும் விலங்குகளுக்கான தடை அப்படியே நிற்கிறது. இந்தத் தளர்வு அத்தனை ஆண்டுகள் காத்திருந்ததற்கு ஒரு காரணம், தூளில் எந்த இனத்தின் மரபணு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் பி.சி.ஆர். சோதனை தரம் உறுதிசெய்யப்பட்டு வர வேண்டியிருந்ததுதான்.