கலப்பத்து: பழைய பாய்மரப் படகும் அதைக் காத்த சொற்களும்

பெடாசில் கடல் இல்லை. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இவ்வூரில் வளர்ந்தோருக்கு நீர்வழி என்றால் லிங்கி ஆறுதான். நம் முன்னோர் வந்த கப்பலைக் கேட்டால், ‘ரஜூலா’ என்று நீராவிக் கப்பலின் பெயரைச் சொல்வோம். ஆனால் நீராவிக்கு முன் நாகப்பட்டினத்தையும் மலாக்காவையும் இணைத்தவை பாய்மரக் கலங்கள். அவற்றைக் கட்டிய கதையைப் பலர் எழுதியுள்ளனர். பழுதுபார்த்துப் புதுக்கிய கதையை எழுதியவர் குறைவு. மரக்கலம் ஒன்றின் வாழ்நாளைத் தீர்மானித்ததோ பழுதுபார்ப்புத்தான்.

கட்டுமரத்தில் இது மிக எளிது. பெயரிலேயே செய்முறை இருக்கிறது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். ஊறிய மரம் மிதப்பை இழக்கும் என்பதே காரணம். 1697இல் வெளியான தம் பயணநூலில் வில்லியம் டாம்பியர் இச்சொல்லை ஆங்கிலத்தில் பயன்படுத்தினார். இன்று அப்பெயரால் வழங்கும் இரட்டை உடற்படகு அமைப்பால் வேறானது. வகுப்பில் பெருமையோடு இச்சொல்லைச் சொல்லும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

சென்னைத் துறைமுகம் அமையுமுன் அலையைக் கடந்து கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். அலை மோதும்போது விறைத்த உடல் பிளக்கும். தைத்த உடல் நெளிந்துகொடுக்கும். கயிறு நைந்தால் தையலைப் பிரித்து, அதே பலகைகளை மீண்டும் தைப்பர். ஒரு பலகை பல கயிறுகளைக் கண்டது.

ஆணி அறைந்த தோணிக்கு வேறு மருத்துவம் வேண்டியிருந்தது. ஏரா என்னும் அடிமரமும் வங்கு என்னும் விலாச்சட்டங்களும் உறுதியாக இருந்தால், எஞ்சியதைப் புதுக்கிவிடலாம். தோணியை மணலில் ஏற்றிச் சாய்ப்பர். அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுவர். பலகை இடுக்குகளிலிருந்து பழைய பஞ்சைத் தோண்டி எடுப்பர். பின் முறுக்கிய புதுப் பஞ்சை மழுங்கிய உளியால் அடித்து இறக்குவர். குறைவாக அடித்தால் நீர் கசியும்; மிகுதியாக அடித்தால், நீரில் ஊறி விரியும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி ஆணியையே தளர்த்திவிடும். எவ்வளவு போதும் என்பதை உளியின் ஓசையாலும் கைப்பழக்கத்தாலுமே அறிய வேண்டும். அதன்மேல் எண்ணெயில் உருக்கிய குங்கிலியம் பூசி, பலகைக்கு மீனெண்ணெய் தடவுவர். கப்பற்புழு துளைக்காமல் காப்பதற்கும் இத்தகைய பூச்சே துணை.

இவ்வேலைக்குத் தமிழில் வழங்கிய பெயர் கலப்பத்து. ‘கலம்’, ‘பற்று’ என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். ‘கலப்பற்று’ என எழுதியோரும் உண்டு. நானும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் பிரித்தேன், பெருமிதத்தோடு. ஆனால் அது போர்த்துக்கீசிய ‘கலஃபாத்தே’யின் தமிழ் வடிவம். சுக்கான் அரபியிலிருந்தும், நங்கூரம் பாரசீக ‘லங்கர்’ என்பதிலிருந்தும் வந்தவை. பாய் நம்முடையது, உறங்கும் பாயும் காற்றை ஏந்தும் பாயும் ஒரே சொல்லாக இருப்பது, பின்னிய ஓலையே முன்பு படகை ஓட்டியது என்பதற்குச் சான்று. கப்பல் என்னும் நம் சொல் மலாயில் ‘காப்பால்’ ஆனது. பிறமொழி என்று கலப்பத்தை அகராதியிலிருந்து நீக்க விரும்புவோர், நம் தச்சர் யாரோடு தோளுரசி வேலை செய்தனர் என்பதற்கான ஆவணத்தையும் கிழிக்கின்றனர். இதில் எனக்கு ஐயமே இல்லை.

மலாய்த் தச்சர் இதே வேலையை ‘பாக்கால்’ என்பர். திரங்கானுவின் பூலாவ் டூயோங் தச்சர்கள் செங்கால் மரப் பலகைகளை ஆணியின்றி மரமுளைகளால் இணைத்து, இடையே கெலாம் மரப்பட்டையை வைப்பர். பஞ்சின் இடத்தில் பட்டை, நோக்கம் ஒன்றே.

பேணிய பழங்கலம் எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ சான்று. அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கிப் புதுக்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகளுடன் அது 1938இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறையை அடைந்தது. பெயர் மாறிய கலத்தைத் தமிழ்க் கலமாக நினைவுகூர்வோர் இன்று பெரும்பாலும் வல்வெட்டித்துறையாரே.

பின்னர் தோணிகளில் எந்திரம் ஏறியது. பாய் துணைநிலைக்கு இறங்கியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் விரைந்து பிடித்தன. அவை இலகுவானவை, விரைவானவை. மீனவர் அவற்றை விரும்பியதில் குறை காண இயலாது. அவற்றில் பலகை இல்லை, ஆகவே இடுக்கும் இல்லை. கலப்பத்துக்காரருக்கு வேலையும் இல்லை. விரிசல் கண்டால் இழைத்துணியை ஒட்டி, மேலே ‘ரெசின்’ பூசுகின்றனர். அச்சொல்லின் பொருள் பிசின். குங்கிலியமும் பிசின்தான்.