மாத்தளை வாடிவீடுகள்

இலங்கையின் மத்திய மாகாணத்தில், கண்டிக்கு வடக்கே உள்ள மாத்தளை மாவட்டத்தில் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் அமைந்த அரச வழித்தங்கல் விடுதிகள். மாத்தளை நகரம், நாலந்தா, தம்புள்ளை, சீகிரியா ஆகிய இடங்களில் இருந்தவை பெயர்பெற்றவை. முதல் மூன்றும் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் இன்றைய ஏ9 வீதியில் அடுத்தடுத்து வருபவை. சீகிரியா மட்டும் தம்புள்ளைக்கு வடகிழக்கே விலகி இருப்பது.

இலங்கையின் பழைய ஹோட்டல்கள் என்றதும் காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இயங்கிய நியூ ஓரியன்டல், கொழும்புக் கடற்கரையில் 1864இல் தொடங்கிய கோல்பேஸ், கண்டி வாவிக்கரையிலுள்ள குயின்ஸ் ஆகியவையே நினைவுக்கு வரும். மாத்தளைக்கு அத்தகைய மாளிகை வாய்க்கவில்லை. 26 கிலோமீற்றர் தள்ளிக் கண்டி இருக்கையில் தோட்டத் துரைமார் விருந்துக்கும் நடனத்துக்கும் அங்கேயே போனார்கள். மாத்தளையில் தங்கியவர்கள் வழியோடு போகிறவர்கள். ஆகவே இந்த ஊரில் விடுதியின் வரலாற்றைத் தேடினால் வீதியின் வரலாறுதான் கையில் கிடைக்கும்.

கண்டி அரசர் காலத்தில் வழிப்போக்கருக்கு அம்பலங்கள் இருந்தன. கருங்கற்கள் மேல் நிறுத்திய மரச்சட்டம், நாலு பக்கமும் திறந்த கூரை, உட்காரவும் சாயவும் ஓரத்தில் ஒரு திண்ணை, அவ்வளவுதான். சமையல், பாய், காவல் எல்லாம் வந்தவர் பாடு. அயலிலுள்ள குருநாகல் மாவட்டத்தில் பனாவிட்டிய அம்பலம் அதன் மரச் செதுக்கு வேலைப்பாட்டுக்காக இன்றும் பேணப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் வழிப்போக்கர் தங்கிய தெருமூடி மடத்தை அறிந்தவருக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. கட்டுவது புண்ணியம், தங்குவதற்குக் காசில்லை.

பிரித்தானியர் முதலில் கட்டியது விடுதியல்ல, கோட்டை. 1803இல் கண்டியின் மீது படையெடுத்தபோது மாத்தளையில் எழுப்பிய மக்டோவல் கோட்டை சேனாபதி ஹே மக்டோவலின் பெயரைத் தாங்கியது. 1815இல் கண்டி அரசு அவர்கள் கைக்கு வந்தபின் கச்சேரி எனப்படும் அரச அலுவலகம், நீதிமன்றம், பாதை எனப் படிப்படியாக ஆட்சி ஊன்றியது. மாத்தளையில் பணியாற்றிய ஜோனதன் ஃபோர்ப்ஸ் என்ற படை அதிகாரி 1831இல் காட்டுக்குள் இருந்த சீகிரியாக் குன்றைக் குதிரையில் சென்று பார்த்தார். 1840இல் வெளியான அவரது பயணநூல் வழியாகத்தான் அந்தக் குன்று ஆங்கில வாசகரிடையே பேசப்படலாயிற்று. அப்போது அந்தக் காட்டில் இறங்கித் தங்க ஓர் இடம் கிடையாது.

வாடிவீட்டு முறையின் வேர் கரையோரத்தில் ஒல்லாந்தர் போட்டது. அதைப் பெருந்தெருக்கள் நெடுகப் பரப்பியவர்கள் பிரித்தானியர். குதிரையிலோ மாட்டு வண்டியிலோ சுற்றுக்குப் போகும் அதிகாரி இருட்டுமுன் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு ஒன்றாக அவை அமைந்தன. மாத்தளையிலிருந்து நாலந்தா ஏறத்தாழ 15 மைல், அங்கிருந்து தம்புள்ளைக்கு இன்னொரு 14 மைல் என்ற கணக்கைப் பார்த்தால் அந்தத் திட்டம் விளங்கும். தாழ்ந்த ஓட்டுக்கூரை, முன்னால் அகன்ற விறாந்தை, அதில் சாய்மனைக் கதிரைகள், உள்ளே நுளம்பு வலை கட்டிய சில அறைகள், பின்னால் குசினியும் குதிரை லாயமும். கட்டணப் பட்டியல் சுவரில் தொங்கும். வருபவர் பெயரும் முறைப்பாடும் எழுத ஒரு புத்தகம் இருக்கும். கடமையில் வரும் அதிகாரிக்கே முதலிடம். மற்றவர் இடமிருந்தால் தங்கலாம், அதுவும் சில நாட்களுக்கு மேல் கூடாது.

ஜெர்மன் உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881-82இல் தென்கரையில் வெலிகம வாடிவீட்டில் வாரக்கணக்கில் தங்கிக் கடலுயிர்களை ஆராய முடிந்தது தனி அனுமதி பெற்றதால்தான். விடுதிப் பொறுப்பாளருக்கு அவர் வைத்த பெயர் சோக்ரதீஸ். விருந்தினர் எழுதிய நூல்களில் வாடிவீட்டு ஊழியர் பெரும்பாலும் இப்படிப் பட்டப்பெயருடனோ பெயரே இல்லாமலோதான் வருகிறார்கள். கறி சமைத்தவர், வெந்நீர் சுமந்தவர், விளக்கேற்றியவர் என்று ஒருவரது குரலும் அந்த நூல்களில் பதிவாகவில்லை. வாடிவீடுகளின் வரலாற்றில் இது பெரிய ஓட்டை.

மாத்தளை, தம்புள்ளை வாடிவீடுகள் நின்ற வடக்கு வீதியில் இன்னொரு கூட்டமும் நடந்தது. 1830களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. தமிழ்நாட்டிலிருந்து, ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணிமாரின் பின்னால் புறப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து, மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் பசியும் அவர்களைத் தின்றன. வழியில் விழுந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். அதிகாரிக்கு 15 மைலுக்கு ஒரு கூரை போட்ட அரசு, இவர்களுக்குக் கொட்டகையும் கிணறும் வைத்தியசாலையும் அமைப்பதில் மெல்லத்தான் அசைந்தது. 1850களின் இறுதியில் குடியேற்றத் தொழிலாளர் ஆணைக்குழு உருவான பிறகே அந்த வேலை ஓரளவு முறைப்பட்டது. அதற்கும் தோட்டங்களுக்கு ஆள் குறையக்கூடாது என்ற கவலையே முதற் காரணம். வாடிவீடு பற்றி எழுதுவோர் இந்தக் கொட்டகைகளைத் தனிக் கதையாக ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒரே வீதியின் இரண்டு விதத் தங்கல்கள் அவை; சேர்த்தே எழுத வேண்டும்.

அந்த நடைப்பயணம் முடிகிற ஊர் மாத்தளை. இங்கிருந்துதான் கூட்டங்கள் பிரிந்து தோட்டங்களுக்கு ஏறின. நகரின் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் 1874இல் கட்டப்பட்டது. அதற்கு முன் மரத்தடியில் அம்மனை வைத்து வழிபட்டதாக மரபு. பஞ்சரதத் தேர்த்திருவிழாவுக்கு மலையகம் முழுவதிலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள். 1983 கலவரத்தில் எரியூட்டப்பட்டு மீண்டும் எழுந்த கோயில் இது.

வீதி யாருடைய உழைப்பில் நின்றது என்ற கேள்வி 1848இல் வெடித்தது. அவ்வாண்டு வந்த வீதிச் சட்டம் வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. நாய் வரி, துப்பாக்கி வரி வேறு. யூலை 26ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். இன்னொரு கிளர்ச்சித் தலைவரான புரன் அப்புவின் தலைமையில் கூட்டம் மாத்தளைக்குள் புகுந்தது. ஆளுநர் டொறிங்ரன் படைச்சட்டம் பிறப்பித்தார். ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீதி வேலைச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, வீதிகள் மாகாண, மாவட்ட வீதிக் குழுக்களின் பொறுப்புக்கு வந்தன. வாடிவீடுகளும் அந்தக் குழுக்களின் கையில்தான் இருந்தன.

1880இல் கண்டியிலிருந்து ரயில் பாதை மாத்தளைக்கு வந்தது. அதற்கப்பால் தண்டவாளம் போகவில்லை. அநுராதபுரத்துக்கும் தம்புள்ளைக் குகைகளுக்கும் செல்வோர் மாத்தளையில் ரயிலை விட்டிறங்கித் தபால் வண்டியில் ஏறினார்கள். நாலந்தாவில் சாப்பாடு, தம்புள்ளையில் இரவு. வாடிவீடுகளின் பொற்காலம் என்று சொன்னால் இந்த இருபத்தைந்து ஆண்டுகளைத்தான் சொல்ல வேண்டும். 1894இல் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் சீகிரியாவில் தொல்லியல் பணியைத் தொடங்கியதும் அந்தப் பக்கமும் ஆள் நடமாட்டம் கூடியது. ஆனால் குருநாகல் வழியாகச் சென்ற வடக்கு ரயில் பாதை 1904இல் அநுராதபுரத்தையும் மறு ஆண்டு காங்கேசன்துறையையும் எட்டிவிட்டது. பழைய நகரங்களுக்குப் போக மாத்தளை வழி வேண்டியதில்லை என்றாயிற்று. 1914இல் தலைமன்னார் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் ஓடத் தொடங்க, இந்தியாவிலிருந்து வருவோர் பயணமும் ரயிலோடு இணைந்தது. மோட்டார் கார் பரவிய பிறகே தம்புள்ளை, சீகிரியா விடுதிகளுக்கு மறுபடி ஆள் வந்தது. நாலந்தாவில் நின்று போக வேண்டிய தேவையோ அதே காரால் குறைந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1966ஆம் ஆண்டே திருப்புமுனை. அவ்வாண்டுச் சட்டங்களால் சுற்றுலாச் சபையும் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனமும் பிறந்தன. தம்புள்ளை, சீகிரியா முதலிய முக்கிய வாடிவீடுகள் கூட்டுத்தாபனத்தின் நிர்வாகத்துக்குப் போயின. மற்றவை உள்ளூராட்சி மன்றங்களிடம் தங்கின. 1954இல் எலிசபெத் மகாராணி தங்கிய பெருமையை அயல் மாவட்டத்துப் பொலன்னறுவை வாடிவீடு இன்றுவரை விற்கிறது. மாத்தளைப் பக்கத்து விடுதிகளிடம் அப்படி விற்க ஒரு முடி இல்லை. குன்றும் குகையுமே அவற்றின் முதல். சீகிரியா 1982இலும் தம்புள்ளைக் குகை விகாரை 1991இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

பயணிகள் கூடியதும் பெரிய ஹோட்டல்கள் வந்தன. அவற்றில் தனித்துப் பேச வேண்டியது கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கண்டலமைக் குளக்கரையில் வடிவமைத்து 1994இல் முடிந்த ஹோட்டல். சீகிரியாவுக்கு அருகே காட்டப்பட்ட இடத்தை அவர் மறுத்து, குன்று தொலைவில் தெரியும் மலைச்சரிவைத் தேர்ந்தார். குளம் மாசுபடும், ஊர்ப் பண்பாடு கெடும் என்று பிக்குமாரும் சூழலியலாளரும் 1990களின் தொடக்கத்தில் பெரும் எதிர்ப்பு எழுப்பினர். கட்டடமோ ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறையோடு பாறையாகக் கிடந்து, கொடிகளுக்குள் மறைந்துகொண்டது. நடைக்கூடத்துக்குள் பாறை வந்து நிற்கிறது. அழகில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வழிப்போக்கன் ஏறிப்போய் ஓர் இரவுக்கு அறை கேட்கும் இடமாக அதை நினைக்க முடியாது. அந்த வகையில் வாடிவீட்டுக்கு நேர் எதிர்.

பாவாவின் தோழியும் பத்திக் கலைஞருமான ஏனா த சில்வா 1980களில் மாத்தளைக்கு அருகே தம் குடும்ப ஊரான அளுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களைக் கொண்டு துணி, தையல் வேலைகளை நடத்தினார். வருவோருக்கு அங்கே வீட்டுச் சாப்பாடும் கிடைத்தது. தேங்காய்ப்பாற் கறிகள் வரிசையாக வரும் அந்தச் சாப்பாட்டைத் தேடியே பலர் கண்டியிலிருந்து வந்தார்கள். மாத்தளை விருந்தோம்பலில் சமையற்காரருக்குப் பெயர் கிடைத்த அரிய இடம் என்று அதைச் சொல்லலாம்.

இன்று சீகிரியாவைச் சுற்றி வீட்டிலேயே விருந்தினரை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். பழைய வாடிவீடுகளில் சில புதுப்பெயரும் குளிரூட்டியும் பெற்று ஹோட்டல்களாகிவிட்டன. மற்றவை மதியச் சாப்பாட்டுக்கும் கலியாண வைபவங்களுக்கும் கூடுதலாகப் பயன்படுகின்றன.