ஏலமலையும் இருதய வால்வும்

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறிய தமிழர் ஏலக்காய் பறித்த வண்டன்மேட்டை, வைத்திய வசதியைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிய 1951-ஆம் வருஷத்துச் சட்டம் முதலில் நினைக்கவில்லை. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாவோடு ஏலமும் அதில் இடம்பெற 1981-ஆம் வருஷத் திருத்தம் வேண்டியிருந்தது.

சட்டம் முதலில் மறந்த இத்தொழிலாளரைப் போன்ற ஏழைகளின் நெருக்கமான குடியிருப்புகளில் பால்யத்திலேயே பற்றும் ருமாட்டிக் ஜுரம் இருதய வால்வைச் சிதைத்துவிட, அந்நிய நாட்டு வால்வோ எட்டாத விலையில் இருந்த அக்காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்து டாக்டர் வலியத்தான் குழுவினர், மூன்று மாதிரிகள் தோற்றும் சோர்வடையாமல், உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறக்கும் பாலிஎதிலீன் தகடு கொண்ட நான்காவதை உருவாக்கினர். லாபக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் இது பிறந்தே இராது. ராஜாங்கப் பணமே இதன் தாய். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளியின் இருதயத்தில் பொருத்தப்பட்டது.