ஆயுதச் சட்டமும் அவையோரின் ஐயமும்

புதுச்சேரி நகரின் தெற்கு விளிம்பைக் கடந்தால் முதலியார்பேட்டை. அதனூடே கடலூர்ச் சாலை செல்கிறது. 1898-இல் எழுந்து 2020-இல் மூடப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலை இங்கேதான் உள்ளது. இச்சாலையில் தெற்கே சில கல் தொலைவு நடந்தால், ஆங்கிலேயர் காலத்தில் ஒருவர் பிரெஞ்சு மண்ணை விட்டு ஆங்கில மண்ணில் கால் வைத்துவிடுவார். மொழி மாறாது, உறவு முறை மாறாது, சட்டம் மட்டும் மாறிவிடும். அவ்வாறு மாறிய சட்டங்களுள் ஒன்று 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். எல்லைக்கு அப்பால் அது ஆண்டது. இப்பால் அதற்கு வலிமை இல்லை.

அச்சட்டத்தை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்த அமைப்பு இந்திய தேசியக் காங்கிரஸ். அஹிம்சையின் திருப்பெயரால் உலகம் அறிந்த அச்சபை, துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை மக்களுக்காகக் கேட்ட சபையாகவும் இருந்தது என்றால் இளைஞர்கள் வியப்பர். அதைக் கேட்ட முறை பற்றி அதன் உறுப்பினர்களே தம் தலைவர்கள் மீது ஐயம் கொண்டனர் என்பது இன்னும் குறைவாகவே அறியப்பட்ட செய்தி. அந்த ஐயத்தின் வரலாற்றையே இங்கு நாம் பார்க்க விழைகிறோம்.

லிட்டன் பிரபு இராஜப் பிரதிநிதியாக இருந்தபோது, இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த அதே 1878-இல், இந்தியரின் கையைக் கட்டும் இச்சட்டமும் வந்தது. உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பது குற்றம் என்றாயிற்று. ஆனால் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விதிகளின் வழியே விலக்கு அளிக்கப்பட்டது. ஆயுதம் இல்லாமை பெரிய இழப்பன்று. ஒருவன் பிறப்பைப் பார்த்து அவனை நம்பத்தகாதவன் என்று முத்திரை குத்தியதே பெரும் இழிவு. மக்களை உறுத்தியதும் அதுவே.

1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாம் மாநாடு சென்னையில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மக்கீஸ் தோட்டத்தில் கூடியது. தலைமை ஏற்றவர் பம்பாய் பாரிஸ்டர் பத்ருத்தீன் தையப்ஜி. காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய முதல் முஸ்லிம் அவரே. பம்பாயில் அஞ்சுமனே இஸ்லாம் அமையக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானவர். 1885-இல் 72 பேராகக் கூடிய சபை அவ்வாண்டு 607 பிரதிநிதிகளாகப் பெருகியிருந்தது. ஆள் பெருகியதும் ஐயமும் பெருகியது. அதுவரை தீர்மானங்கள் ஒரு சில பெரியவர்களின் அறையிலேயே எழுதப்பட்டு அவைக்கு வந்தன. கைதட்டுவதற்காகவா இத்தனை தொலைவு வந்தோம் என்ற எண்ணம் பலருக்கு எழுந்தது. வங்கத்துப் பிரதிநிதிகள் சிலர் வற்புறுத்தவே, எந்தத் தீர்மானம் அவைக்கு வர வேண்டும் என்பதை முடிவு செய்யும் விஷயாலோசனைக் கமிட்டி முதன் முதலாகச் சென்னையில் அமைந்தது. பின்னாளில் காங்கிரஸின் உயிர்நாடியாக விளங்கிய அக்கமிட்டி, உறுப்பினர் தலைவர்கள் மீது கொண்ட ஐயத்தில் பிறந்த குழந்தை.

ஆயுதச் சட்டம் அம்மாநாட்டில் சூடான விவாதத்தைக் கிளப்பியது. 29 வயது பிபின் சந்திர பால் அதை அறவே நீக்க வேண்டும் என்று முழங்கினார். நிறைவேறிய தீர்மானமோ அத்தனை தூரம் செல்லவில்லை. மக்களின் இராஜ விசுவாசத்தை எடுத்துக் கூறி, சட்டத்தால் நேரும் தொல்லையையும் இழிவையும் சொல்லி, எல்லோரும் ஆயுதம் வைத்திருக்க இடம் தருமாறு திருத்தியமைக்கும்படி அது வேண்டிக்கொண்டது. கூடவே ஒரு விலக்கையும் சேர்த்துக்கொண்டது: தனி ஒருவரையோ, குறிப்பிட்ட ஒரு சமூகத்தையோ வகுப்பையோ அரசாங்கம் காரணம் எழுதி வெளியிட்டுத் தடை செய்யலாம்.

இந்த விலக்கைப் படிக்கையில் நாம் சற்றே நின்று மலையாளக் கரையை நினைக்க வேண்டியிருக்கிறது. 1854-இல், அதே சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், மாப்பிள்ளைமாரைக் குறிவைத்துப் போர்க்கத்திச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. கலெக்டர் கனோலி ஊர் ஊராகக் கத்திகளை ஒப்படைக்கச் செய்தார். 1855 ஜனவரி முடிவுக்குள் 7,561 கத்திகள் சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் கனோலி கொல்லப்பட்டார். ஒரு சமூகம் முழுவதையும் பெயர் சொல்லி ஆயுதம் பறிப்பதன் விளைவு அது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து சென்னையில் கூடிய தலைவர்கள், சமூகம் என்ற சொல்லைத் தம் கைப்படவே எழுதி அரசிடம் நீட்டினர். அன்று அவையில் இருந்தவர்கள் மலபாரை நினைத்தார்களா என்று நாம் கேட்கவில்லை. நினைத்திருக்க வேண்டும் என்றே சொல்கிறோம். தையப்ஜி அவர்களிடம் நமக்குள்ள மதிப்பு இதனால் குறையாது.

ஏனெனில் உறுப்பினரின் ஐயத்தை மதிக்கத் தெரிந்தவர் அவர். சர் சையத் அகமது கான் காங்கிரஸிலிருந்து முஸ்லிம்கள் விலகி நிற்க வேண்டும் என்று எழுதியபோது தையப்ஜி சினம் கொள்ளவில்லை. முஸ்லிம் பிரதிநிதிகள் ஏறத்தாழ ஒருமித்து எதிர்க்கும் பொருளை அவைக்குக் கொண்டுவரலாகாது என்று விதி செய்யும்படி அவர் காங்கிரஸ் பெரியவர்களை வேண்டினார். 1888-இல் அலகாபாத் மாநாடு, இந்துப் பிரதிநிதிகளுக்கும் முஸ்லிம் பிரதிநிதிகளுக்கும் ஒன்று போலவே அவ்விதியை ஏற்றது. ஜும்ஆ மேடையில் நின்ற கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம், எல்லோருக்கும் ஒரு துணி பங்கிடப்பட்டிருக்க உங்கள் மேனியில் எப்படி இரண்டு என்று ஒருவர் கேட்டதும், மகன் தம் பங்கைத் தந்தைக்குத் தந்ததாகச் சாட்சி சொன்ன பிறகே மக்கள் செவி சாய்த்ததும் நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லும் செய்தி. கேட்டவரை யாரும் துரோகி என்று அழைக்கவில்லை.

ஆண்டுகள் சென்றன. ஆயுதச் சட்டத்தைத் திருத்துமாறு மாநாடுதோறும் வேண்டுகோள் எழுந்தது, அரசு அசையவில்லை. விண்ணப்பத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று எண்ணியோர் தலைவர்களை நம்ப மறுத்தனர். 1907 டிசம்பரில் சூரத்தில் மாநாடே உடைந்தது. அங்குச் சென்று வந்த தமிழர்களுள் வ. உ. சிதம்பரம் பிள்ளை அடுத்த ஆண்டே சிறை புகுந்தார்; சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரி புகுந்தார். 1910-இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். ஐயரிடம் புதுவையில் சுடப் பழகிய வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். அச்செயலை நாம் போற்ற வரவில்லை. சபைக்குள் தம் ஐயத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் எல்லை தாண்டி எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதையே காட்டுகிறோம்.

புதுவையில் ஆயுதச் சட்டம் இல்லையே தவிர, ஆயுதம் அங்கும் ஆள்வோர் கையில்தான் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் சுட்டதில் 12 பேர் மாண்டனர். முதலியார்பேட்டை அந்த நாளை மறக்கவில்லை.

காந்தியடிகள் வந்த பிறகு இக்கோரிக்கை மறைந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறன்று. 1918-இல் படைக்கு ஆள் திரட்டிய துண்டறிக்கையில், ஒரு தேசத்தையே ஆயுதம் இழக்கச் செய்த இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கொடிய செயலாக அவர் குறித்தார். 1930 ஜனவரியில் வைஸ்ராய்க்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் கடைசி, தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பது. உப்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது; துப்பாக்கியை மறந்துவிட்டோம். அதே ஆண்டு ஏப்ரலில், சிட்டகாங் மாவட்டக் காங்கிரஸில் பொறுப்பு வகித்த சூரியா சென், கோரிக்கைக்குக் காத்திராமல் ஆயுதக் கிடங்கையே தாக்கினார்.

1931 மார்ச்சில் கராச்சி மாநாடு. காந்தி இர்வின் ஒப்பந்தம் முடிந்து மூன்று வாரங்கள் கூட ஆகாத நிலையில், 23-ஆம் நாள் பகத் சிங்கும் தோழர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களை மீட்கத் தலைவர்கள் போதிய அளவு முயலவில்லை என்று குமுறிய இளைஞர்கள் கராச்சிக்கு வந்த காந்தியடிகளைக் கறுப்புக்கொடியுடன் எதிர்கொண்டனர். அந்தக் கொதிப்பின் நடுவே சர்தார் படேல் தலைமையில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

விடுதலை வந்தது. 1948 டிசம்பர் முதல் நாட்களில் அரசியல் நிர்ணய சபையில், கராச்சியில் தந்த வாக்கை நினைவூட்டி எச். வி. காமத் அவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் மறுத்துரைத்தார். அந்நிய அரசு இந்தியரை நம்பாமல் மறுத்ததால் அன்று அக்கோரிக்கை எழுந்தது. இன்றைய நிலையில் யாரும் தடையின்றி ஆயுதம் வாங்கலாம் என்றால் ஆட்சியை நடத்த முடியாது என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. அவ்வாண்டு ஜனவரி 30-இல் காந்தியடிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகி ஓராண்டு கூட நிறையவில்லை. பிரிவினையின் இரத்தம் காயவில்லை. கும்பலின் கையில் ஆயுதம் என்ன செய்யும் என்பதை நம் சமுதாயம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே அம்முடிவு சரியானது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் 1887 முதல் ஆயிரக்கணக்கானோர் கை உயர்த்தி நிறைவேற்றிய ஒரு கோரிக்கையைக் கைவிடுகிறோம், காரணம் இன்னது என்று காங்கிரஸ் தலைவர்கள் தம் உறுப்பினரிடம் எடுத்துச் சொல்லவில்லை. கராச்சித் தீர்மானம் என்றால் இன்று பொருளாதாரத் திட்டத்தையே பலரும் பேசுகின்றனர்.

ஆயுத உரிமைக்கென்றே தனி அமைப்பு வைத்திருக்கும் அமெரிக்காவிலும் உறுப்பினருக்கும் தலைவர்களுக்கும் இதே வழக்குத்தான், வேறு விதமாக. 1871-இல் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கிய தேசியத் துப்பாக்கிச் சங்கம் நூறாண்டில் பெரும் செல்வாக்குப் பெற்றது. தலைமையகத்தைக் கொலராடோ மலைநாட்டுக்கு மாற்றி, அரசியலைக் குறைத்து வேட்டைக்கும் விளையாட்டுக்கும் இடம் பெருக்கத் தலைவர்கள் திட்டமிட்டனர். உறுப்பினர்கள் இதை நம்பவில்லை. 1977 மே 21 அன்று சின்சினாட்டி நகரில் இரவு முழுதும் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பழைய நிர்வாகத்தை வாக்கெடுத்து இறக்கி, ஹார்லன் கார்ட்டரை அமர்த்தினர். நிர்வாகத் துணைத் தலைவரை உறுப்பினரே தேர்ந்தெடுக்கலாம் என்ற உரிமையையும் அன்றிரவு பெற்றனர். அந்த உரிமை பின்னர் சந்தடியின்றி இயக்குநர் குழுவிடமே திரும்பிப் போயிற்று. 1991 முதல் அப்பதவியில் இருந்த வேய்ன் லாப்பியர் மீது, சந்தாப் பணத்தைத் தம் ஆடம்பரத்துக்குச் செலவிட்டார் என்று 2020-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். 2024 ஜனவரியில் அவர் விலகினார். அடுத்த மாதம் ஜூரிகள் அவர் 43 லட்சம் டாலருக்கு மேல் சங்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தனர். அமானிதமாக வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்க உறுப்பினருக்கு வழியில்லாதபோது நீதிமன்றம் கேட்டது. அச்சங்கத்தின் கொள்கை நமக்கு உடன்பாடன்று. எனினும் 1977-இல் கையில் கிடைத்த உரிமையை அவ்வுறுப்பினர்கள் நழுவவிட்டது நம்மை வருந்தச் செய்கிறது.

கடலூர்ச் சாலைக்குத் திரும்புவோம். 1954 நவம்பர் முதல் நாள் புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் அது இந்திய மண்ணானது. லிட்டன் காலத்துச் சட்டத்தை அகற்றி இந்திய நாடாளுமன்றம் இயற்றிய 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே 1962-இன் அக்டோபர் முதல் நாள். இடையே ஆறு வாரங்களும் சில நாட்களும். சென்னை மாநாட்டில் குரல் எழுப்பியவர்களில் அந்த நாளைக் காண ஒருவரும் உயிரோடு இல்லை. பிபின் சந்திர பால் 1932-இலும், தையப்ஜி 1906-இலும் மறைந்துவிட்டிருந்தனர்.