செய்தித் திரையில் 'செமோர்' உடையாமல் வருவது எப்படி?

தேர்தல் இரவு. ஈப்போவுக்கு வடக்கே, செமோரில் உங்கள் வீட்டில் தமிழ்ச் செய்தி ஓடுகிறது. திரையின் அடியில் ஒரு பட்டை: ஊர்ப் பெயர், வேட்பாளர் பெயர், வாக்கு எண்ணிக்கை. அதில் ஊர்ப் பெயரே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறி வந்தால்? சிரிக்கலாம். ஆனா, அந்தப் பட்டையில் வருவது உங்கள் அப்பாவின் பெயராக இருந்தால் சிரிப்பு வராது. தயாரிப்பு அறையில் நின்று இதைப் பார்த்து நான் தலையில் கை வைத்ததுண்டு.

'செமோர்' நல்ல பரிசோதனைச் சொல். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடுகள்: ச, எகரக் குறி, ம, ஓகாரக் குறி, ர, புள்ளி. எகரக் குறி 'ச'வுக்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும், திரையில் முன்னால் நிற்க வேண்டும். ஓகாரக் குறியோ 'ம'வின் இரு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டும். இந்த ஒழுங்கு தெரியாத கிராஃபிக்ஸ் கருவி, வந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் அதற்கும் முன்பே, 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். இருந்தும் ஒளிபரப்புக் கருவிகள் பல ஆண்டுகள் பின்தங்கியே இருந்தன. செய்தி ஆசிரியர் ஒரு முறை தட்டச்சு செய்வார். கிராஃபிக்ஸ் பிரிவில் இன்னொருவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றி மறுபடி தட்டுவார். தப்பு நுழைவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

முதலில் கம்பி. முன்பு ஒரு பட்டையைப் படத்தின் மேல் ஏற்ற இரண்டு எஸ்டிஐ கேபிள்கள் வேண்டும். ஒன்றில் பட்டையின் படம். மற்றொன்றில் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்ற கறுப்பு வெள்ளை வரைபடம். 2017 முதல் வெளியான எஸ்எம்பிடிஇ 2110 தரநிலைகளின்படி, இவை ஐபி நெட்வொர்க்கில் தனித்தனி ஓடைகளாகவே போகலாம். கிராஃபிக்ஸ் கணினி அதே அறையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்தது, எனக்குப் பெரிதாகப் படுவது: மோஸ் என்ற நெறிமுறை. செய்தி எழுதும் மென்பொருளும் கிராஃபிக்ஸ் கருவியும் இதன் வழி பேசிக்கொள்கின்றன. நிருபர் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்துப் பெயரை நிரப்பினால் போதும், மறு தட்டச்சு கிடையாது.

மூன்றாவது, எச்டிஎம்எல் கிராஃபிக்ஸ். ஸ்வீடனின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்விடி உருவாக்கிய காஸ்பர்சிஜி, திறமூல மென்பொருள். இணையப் பக்கத்தையே பட்டையாகக் காட்டும். உள்ளே ஓடுவது குரோமியம் உலாவி என்பதால், கைப்பேசியில் சரியாகத் தெரியும் தமிழ் இங்கேயும் சரியாக அமையும். தனியாக ஒரு 'தமிழ் வசதி'க்குக் காசு கட்டத் தேவையில்லை.

சிக்கலே இல்லையா? இருக்கு. 2110இல் எல்லாக் கருவிகளும் பிடிபி என்ற ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். அது பிசகினால் படம், ஒலி, பட்டை மூன்றும் ஒத்துப்போகாது. நெட்வொர்க் என்றாலே ஊடுருவல் பயமும் கூடவே வரும். 'இலவசம்' என்பதெல்லாம் திறந்த தரநிலையும் அல்ல: பரவலாகப் பயன்படும் என்டிஐ இலவசமாகக் கிடைத்தாலும், அது ஒரு நிறுவனத்தின் சொத்து.

ஊடகம் படிக்கிறீர்களா? காஸ்பர்சிஜியைப் பதிவிறக்கி, ஒரு எச்டிஎம்எல் பக்கத்தில் 'செமோர்' என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். அடுத்து 'கௌசல்யா', 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவற்றையும் போடுங்கள். எழுத்துரு சொதப்பினால் இவற்றில்தான் முதலில் தெரியும்.