பதினொருவருக்கு எதிரே ஒருவர்

ஜூரி அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை உலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் ஒரு சினிமாவின் வழியாகத்தான். சிட்னி லூமெட் இயக்கி 1957-இல் வெளிவந்த '12 ஆங்க்ரி மென்' அது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய நூல் ஒன்று உண்டு. ஹாரி கால்வன், ஹான்ஸ் ஸைசல் என்ற இரண்டு சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுதி 1966-இல் வெளியிட்ட 'தி அமெரிக்கன் ஜூரி'. படத்தைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். நூலைப் புரட்டியவர்கள் சட்ட மாணவர்களும் உளவியல்காரர்களும்தான். இரண்டும் ஒரே அறையைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் சொல்லும் கதை வேறு.

இரண்டுக்கும் முன்கதை ஒன்று இருக்கிறது. 1954-இல் சிகாகோ ஆய்வுக்குழு, கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் நீதிபதிகளின் அனுமதியோடு ஜூரி அறைகளில் ஒலிவாங்கியை மறைத்துவைத்து, சில சிவில் வழக்குகளின் விவாதங்களைப் பதிவு செய்தது. ஜூரர்களுக்கு அது தெரியாது. அடுத்த ஆண்டு விஷயம் வெளியே வந்தபோது பெரும் கொந்தளிப்பு. செனட் விசாரணை நடந்தது. 1956-இல் கூட்டாட்சி ஜூரி விவாதங்களைப் பதிவு செய்வதே குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது. உண்மையான அறையை இப்படிப் பூட்டிய மறு ஆண்டுதான் லூமெட்டின் கற்பனை அறை திரையில் திறந்தது. ஆய்வாளர்கள் அதன்பின் வாசலுக்கு வெளியே நின்று, தீர்ப்பு முடிந்து வருகிறவர்களிடம் கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

படத்தின் கதை தெரிந்ததே. சேரிப் பகுதியில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தகப்பனைக் குத்திக் கொன்றதாக வழக்கு. நியூயார்க்கின் கொடும் வெக்கையில் முதல் வாக்கெடுப்பு: குற்றவாளி என்று 11, இல்லை என்று 1. அந்த ஒருவர், ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் எண் ஜூரர், ஒவ்வொருவராக எல்லோரையும் தன் பக்கம் திருப்பிவிடுகிறார். தனிமனித மனசாட்சியின் வெற்றி என்று கொண்டாடப்படும் கதை.

கால்வனும் ஸைசலும் சிகாகோவிலும் புரூக்ளினிலும் 225 ஜூரிகளின் முதல் வாக்கெடுப்பு எப்படி இருந்தது என்று விசாரித்துத் தொகுத்தார்கள். முதல் வாக்கில் 'குற்றவாளி' என்போர் பெரும்பான்மையாக, ஆனால் முழுமையாக இல்லாமல், இருந்த ஜூரிகளில் 86 விழுக்காடு அப்படியே தண்டனைத் தீர்ப்பில் போய் முடிந்தன. தலைகீழாக மாறி விடுதலை தந்தவை 5 விழுக்காடுதான். பெரும்பான்மை விடுதலை பக்கம் இருந்தால் 91 விழுக்காடு விடுதலை. பெரும்பாலான வழக்குகளில், விவாதம் சூடுபிடிக்கும் முன்பே முடிவு ஏறத்தாழ எழுதப்பட்டுவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இன்னொன்றும் சொன்னார்கள்: கடைசிவரை பிடிவாதமாக நின்று ஜூரியை முடிவின்றிக் கலைய வைப்பவர், தொடக்கத்திலேயே தனியாளாக இருந்தவர் அல்ல. முதல் வாக்கில் அவரோடு இன்னும் சிலர் இருந்திருப்பார்கள்.

அப்படியானால் படம் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. படம் தன் புகழைவிட நுட்பமானது. முதல் விவாதத்துக்குப் பிறகு ஃபோண்டாவின் பாத்திரம் ஒன்று செய்கிறது: 'ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள், பதினொருவரும் இன்னும் குற்றவாளி என்றே எழுதினால் நானும் சேர்ந்துகொள்கிறேன்' என்கிறது. அதாவது அந்த வீரர் சரணடையத் தயாராகவே இருந்தார். ஒன்பதாம் எண் முதியவர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுதான் அவரைக் காப்பாற்றியது. 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில் இதே விஷயம் தெரிந்தது. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒரு கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொல்லும்போது, கண்ணுக்குத் தெரிவதையே மறுத்து அவர்களோடு ஒத்துப்போனவர்கள் பலர். ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலும் அந்த நெருக்கடி வெகுவாகத் தளர்ந்தது. எனவே எட்டாம் எண்காரரின் தைரியத்தைவிட ஒன்பதாம் எண்காரரின் இருப்புதான் கதையின் அச்சு. போஸ்டரில் அவர் முகத்தை யாரும் தேடுவதில்லை.

(சட்டப்படி பார்த்தால், ஜூரர் தானே வெளியே போய்ச் சான்று தேடக்கூடாது. அதே மாதிரிக் கத்தியைக் கடையில் வாங்கிவந்து மேசையில் குத்தும் அந்தப் புகழ்பெற்ற காட்சியால் விசாரணையே செல்லாமல் போயிருக்கலாம். நல்ல காட்சி என்பதால் மன்னித்துவிடுகிறோம்.)

முன்முடிவு விஷயத்தில் படமும் நூலும் இன்னும் விலகிப் போகின்றன. படத்தில் வெறுப்புக்கு முகம் உண்டு, குரல் உண்டு. பத்தாம் எண்காரர் சேரி மக்களை வாய்கூசாமல் ஏசுகிறார். மூன்றாம் எண்காரருக்குத் தன் மகன்மேல் உள்ள கோபம் குற்றம் சாட்டப்பட்ட பையன்மேல் திரும்புகிறது. பார்ப்பவருக்கு ஆளை அடையாளம் காண்பது எளிது. நூல் காட்டும் முன்முடிவுக்கு அப்படி முகம் கிடையாது. சான்றுகள் தெளிவாக இருக்கும் வழக்குகளில் ஜூரர்கள் சான்றின் வழியே போகிறார்கள். இரண்டு பக்கமும் இழுக்கும் வழக்குகளில்தான் மனச்சாய்வுக்கு இடம் கிடைக்கிறது என்றார்கள் ஆசிரியர்கள். அங்கேயும் ஜூரர் தான் சான்றை மட்டுமே எடைபோட்டதாக மனதார நம்புகிறார். இப்படிப்பட்டவரை எந்த ஃபோண்டாவாலும் மடக்க முடியாது. அவர் ஏசவே மாட்டார்.

விவாதத்தில் மாறுவது இவ்வளவு குறைவு என்றால், யார் யார் உள்ளே போகிறார்கள் என்பதுதான் வழக்கு. இதை லூயிசியானா மாநிலம் ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் முன்பே புரிந்துவைத்திருந்தது. 1898-இல் அங்கே எழுதிய அரசியல் சட்டம், மரண தண்டனைக்கு உட்படாத கடும் குற்ற வழக்குகளில் 12 பேரில் 9 பேர் ஒத்துக்கொண்டாலே தண்டனை என்றது. பின்னாளில் அது 10 ஆயிற்று. கறுப்பின ஜூரர் ஒருவரோ இருவரோ உள்ளே வந்துவிட்டாலும் அவர்கள் வாக்குக்கு மதிப்பில்லாமல் செய்வதே நோக்கம். அந்த விதி படத்தின் வழக்குக்கும் இருந்திருந்தால் ஒன்பதாம் எண் முதியவர் சீட்டு எழுதியும் பயனிருந்திருக்காது: பத்துக்கு இரண்டு, பையன் குற்றவாளி. இந்த ஏற்பாடு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராமோஸ் வழக்கில் சொன்னது 2020-இல்தான்.

மறுபக்கம், 2006-இல் வெளியான சாமுவேல் சோமர்ஸின் ஆய்வு. கறுப்பினத்தவர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்ட வழக்கை மாதிரி ஜூரிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரு இனத்தவரும் கலந்த குழுக்கள் அதிக நேரம் பேசின, வழக்கின் விவரங்களை அதிகம் அலசின. அந்தக் குழுக்களில் இருந்த வெள்ளையர்கள், வெள்ளையர் மட்டுமே இருந்த குழுக்களில் அமர்ந்தவர்களைவிடக் குறைவாகத் தவறு செய்தார்கள். விவாதம் தொடங்கும் முன்பே தண்டனைப் பக்கம் குறைவாகச் சாய்ந்திருந்தார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

லூமெட்டின் பன்னிருவரும் வெள்ளை ஆண்கள். ஆனாலும் அந்தச் சிறிய வட்டத்துக்குள் கதாசிரியர் ரெஜினால்ட் ரோஸ் வேற்றுமைகளைப் பொதிந்து வைத்திருக்கிறார். மடக்குக் கத்தியை எப்படிப் பிடிப்பார்கள் என்று சொல்வது சேரியில் வளர்ந்த ஐந்தாம் எண்காரர். சாட்சி சொன்ன கிழவரின் ஏக்கத்தைப் புரிந்துகொள்வதும், பெண் சாட்சியின் மூக்கில் கண்ணாடித் தழும்பைக் கவனிப்பதும் ஒன்பதாம் எண் முதியவர். வழக்கை உடைத்த துப்புகளில் முக்கியமான சில ஃபோண்டாவுடையவை அல்ல. படத்தை வீரகதையாகவே பார்த்துப் பழகிவிட்டதால் இது கண்ணில் படுவதில்லை.

பத்தாம் எண்காரர் வெறுப்பைக் கொட்டும்போது மற்றவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொருவராக எழுந்து அவருக்கு முதுகைக் காட்டும் காட்சியைப் பலர் சிலாகிப்பார்கள். அப்போது கணக்கு என்ன என்று பாருங்கள்: விடுதலை பக்கம் 9 பேர், அவர் பக்கம் 3 பேர். இதே ஆள் பதினொருவரில் ஒருவராக இருந்து இதே தொனியில் பேசியபோது முதியவரும் இன்னும் ஓரிருவரும்தான் கடிந்துகொண்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நிஜ அறைக்கு வருவோம். கொலராடோவில் 2007-இல் நடந்த சம்பவத்தை ஒட்டிய பெனா-ரோட்ரிகஸ் வழக்கில், முன்னாள் போலீஸ்காரரான ஜூரர் ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவர் மெக்சிகோக்காரர், அவர்கள் இப்படித்தான் என்று விவாத அறையிலேயே பேசினார். யாரும் முதுகைத் திருப்பவில்லை. அவருடைய சக ஜூரர்கள் இருவர், தீர்ப்பு வந்து ஜூரி கலைந்தபின், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். ஜூரி அறைப் பேச்சைத் தீர்ப்புக்கு எதிரான சான்றாக எடுக்கக்கூடாது என்ற பழைய விதி குறுக்கே நின்றது. இனவெறி வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் அந்த விதி தளரும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தீர்த்தது. அப்படி வாய்விட்டுப் பேசாமல் வாக்கை மட்டும் போட்டவருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.